இரண்டாவது டிரெய்லரில் உட்கார்ந்தவர்

அன்று காலை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாய். பட்டறை அவருடையது. லாரிக்குப் பின்னால் இழுத்துப்போகிற டிரெய்லர் கட்டுவார், பழசைப் பழுது பார்ப்பார்.

பாயின் வீட்டம்மா. சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போக வந்தவர். போகாமல் நின்றார்.

எங்கள் முதலாளி. மயிலாப்பூரில் லைட் கம்பெனி வைத்திருப்பவர். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் விளக்கும் ஜெனரேட்டரும் எங்களிடமிருந்து போகும்.

டீக்கடை அக்கா. காலி கிளாஸ் எடுக்க வந்தவர்.

நான். முதலாளியின் லாரியை ஓட்டுகிறவன்.

ஐந்து பேர். ஐந்து பேர் பார்க்கத்தான் பாய் அந்தக் கொக்கியை வைத்தார். அதுவரை வைக்க மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்.

பாயின் பெயரை எழுதவில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோர்ட் காகிதத்தில்தான் அவர் பெயரை முழுதாகப் பார்த்தேன். யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது.

கொக்கி விஷயம் இதுதான். லாரியின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டலாம். அந்த டிரெய்லரின் பின்பக்கத்தில் இன்னொரு கொக்கி இருந்தால் அதில் இன்னொரு டிரெய்லரை மாட்டலாம். ஒரு டிரைவர், ஒரு லாரி, இரண்டு டிரெய்லர். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். சுற்றியிருக்கிற பட்டறைகளில் அரை மணி நேரத்தில் பற்ற வைத்துக் கொடுப்பார்கள். பாய் மட்டும் மாட்டார்.

"ஏன் பாய், கம்பிக்குப் பஞ்சமா?" என்று முதலாளி கேட்பார்.

"கம்பி கீது சார். கண்ணு இல்ல."

"எவனுக்கு?"

"டிரைவருக்கு. மொத வண்டியே கண்ணாடிய மறைக்குது. அதுக்குப் பின்னாடி ஒண்ணு வருதுன்னா அது இன்னா பண்ணுதுன்னு அவனுக்கு எப்டித் தெரியும்? பின்னாடி இருக்கறவனுக்குத் தெரியும். பின்னாடி எவன் கீறான்?"

முதலாளி சிரிப்பார். பாய் சிரிக்க மாட்டார். அவர் தமாஷ் பேசினாலும் முகம் அப்படியேதான் இருக்கும்.

நான் அவரிடம் முதல் தடவை போனது ஒரு புது டிரெய்லரை எடுத்துவர. மாட்டி முடித்து, சாவியைத் திருகினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"குந்து நைனா. நகராத. நான் பின்னாடி நடந்து போறேன். நான் கண்ணாடில தெரியாத எடம் வந்தா ஆரன் அடி. திரும்பத் தெரிஞ்சா இன்னொரு தபா அடி."

அடித்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் குனிந்து சாக்பீசால் தரையில் கோடு போட்டார். பிறகு என்னை இறங்கச் சொன்னார். டிரெய்லருக்குப் பின்னால் ஒரு அறை அளவுக்குக் கட்டம் போட்டிருந்தது.

"பாத்துக்கோ. இதுக்குள்ள உங்க வீட்ல எல்லாரும் நின்னா கூட உனுக்குத் தெரியாது."

"பத்து வருசமா ஓட்றேன் பாய்."

"அப்ப பத்து வருசமா குருடாத்தான் ஓட்டிகீற."

எனக்குக் கோபம் வந்தது. பட்டினப்பாக்கத்து ஆள் நான். யாரிடமும் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டி நடக்கக் கால் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஏறினேன்.

அவர் எப்போதும் பின்னால் பார்க்கிற மனிதர். திருவான்மியூரில் தங்கை வீட்டுக்குப் பறக்கும் ரயிலில் போவார். கடைசிப் பெட்டியில் மட்டும் ஏற மாட்டார். நான் கூட இருந்த ஒருநாள் காரணம் கேட்டேன். "அது கழண்டா முன்னாடி இருக்கறவன் அடுத்த ஸ்டேஷன்லதான் எண்ணிப் பாப்பான்" என்றார். ரயில் அப்படிக் கழலாது என்று சொன்னேன். "கழலாதுதான். நான் ஏறல, அவ்ளோதான்" என்றார்.

தி.நகரில் துணி எடுக்கப் போனால் வீட்டம்மாவையும் மகளையும் முன்னால் விட்டுவிட்டு இவர் பத்தடி பின்னால் வருவாராம். வீட்டம்மா ஒருமுறை பட்டறையில் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இவரோட கடைக்குப் போறதுக்குத் தனியாவே போய்ட்டு வரலாம். இவரு வராரா வராரான்னு திரும்பித் திரும்பிப் பாத்து எனுக்குக் கழுத்து சுளுக்கிக்கும். ஒரு தபா போலீசே புடிச்சுது. இன்னாய்யா, ரெண்டு பொம்பளைங்க பின்னாடியே வந்துகினு கீறன்னு."

"நீ இன்னா சொன்ன?" என்று டீக்கடை அக்கா கேட்டார்.

"யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். பாய் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பழக்கம். யார் வண்டி கொண்டுவந்தாலும் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பார். அவருக்குப் படிக்கக் கொஞ்சம்தான் வரும். டிரைவரையே படிக்கச் சொல்வார். எனக்கும் கொஞ்சம்தான் வரும். இரண்டு பேரும் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்போம். எத்தனை எடை, எந்த டிரெய்லர், இன்சூரன்ஸ் எது வரைக்கும். "இதுல இருக்கறதுதான் உன் வண்டி. இதுல இல்லாதது ரோட்ல வந்தா அது அனாத" என்பார்.

கொக்கிக்கு வருகிறேன்.

நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் ஒரு மீனவ ஊர். மாதா கோயில் திருவிழா. பத்து நாளைக்கு விளக்கு முழுக்க எங்கள் கம்பெனி. பெரிய ஜெனரேட்டர் ஒரு டிரெய்லர். கம்பமும் கேபிள் உருளையும் சின்ன ஜெனரேட்டரும் இன்னொரு டிரெய்லர். இரண்டாவது லாரி வேறு ஊருக்குப் போயிருந்தது. ஒரே லாரியில் இரண்டையும் இழுத்துப் போகச் சொன்னார் முதலாளி.

பாயிடம் கேட்டால் முடியாது என்பார் என்று தெரியும். முதலாளி பக்கத்துப் பட்டறையில் கொக்கி வைத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. மெல்லிய பட்டையில் வைத்திருந்தார்கள். ஓட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மறுநாள் டயர் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி வண்டியைப் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளியும் கூட வந்துவிட்டார்.

பாய் டயரைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போனார். சின்னச் சுத்தியலால் அந்தக் கொக்கியை ஒரு தட்டு தட்டினார். காது வைத்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

"இத்த எவன் வெச்சான்?"

நான் பக்கத்துப் பட்டறைப் பக்கம் பார்த்தேன்.

"எங்க போவுது?"

நான் ஊரைச் சொன்னேன்.

"முன்னூறு கிலோமீட்டரா. இதுலயா."

கேஸ் கட்டரைப் பற்ற வைத்துக் கொக்கியை அறுத்துப் போட்டார். யாரையும் கேட்கவில்லை. கீழே விழுந்ததைக் காலால் தள்ளினார்.

முதலாளி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"அறுத்துட்டீங்களா. சந்தோசம். பக்கத்துலயே போய் மறுபடி வெச்சுக்கறேன். நாளைக்கு வண்டி போயாகணும் பாய். அட்வான்ஸ் வாங்கியாச்சு. இவன் ஓட்டலன்னா வேற ஆள் ஓட்டுவான்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும் என்று முதலாளி நேராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

டீ வந்தது. பாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் கனமான தகடு எடுத்துவந்தார். அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கொக்கியைப் பற்ற வைத்தார். இரண்டு பக்கமும் சங்கிலி. கொக்கியில் செருகுகிற இரும்புப் பின்னைக் கடைசலில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். பின் கழலாமல் இருக்கப் பூட்டு ஊசி. மாலைவரை ஆனது.

வீட்டம்மா கேட்டார். "வெக்க மாட்டேன்னீங்களே."

"நான் வெக்கலன்னா அவன் வெச்சது போவும்" என்றார் பாய். "எப்டியும் போவுதுன்னா பின்னாடி ஒரு ஆள் போவணும். நான் போறேன்."

"நீங்க எதுக்கு?"

"கொக்கி யாரோடது?"

மறுநாள் காலை லஸ்ஸில் எங்கள் குடோன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. ஒரு நைலான் கயிறு. ஒரு பித்தளை மணி. பழைய பஸ்களில் கண்டக்டர் இழுக்கிற மாதிரி ஏற்பாடு செய்தார். இரண்டாவது டிரெய்லரின் முன்மூலையில் பழைய பஸ் சீட் ஒன்றை முடுக்கினார். அங்கிருந்து கயிறு முதல் டிரெய்லரின் மேலே வளையங்களில் நுழைந்து என் தலைக்குப் பின்னால் மணிக்கு வந்தது.

"ஒரு இழுப்புன்னா நிறுத்து. ரெண்டுன்னா போ."

"போன் கீதே பாய்."

"போன நீ எடுக்கணும். மணிய எடுக்க வேணாம்."

முப்பதுக்கு மேல் போகக்கூடாது என்றார். முதலாளி எதிரில் சரி என்றேன்.

போகும்போது மணி ஓயாமல் அடித்தது. அடையாறு பாலத்தில் அடித்தது. திருவான்மியூரில் அடித்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பின்னால் ஓடினேன்.

"இன்னா பாய்?"

"நான் இழுக்கல. ரோடு இழுத்துச்சு."

கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார். அப்போதும் பெரிய பள்ளம் வந்தால் அடிக்கும். ஆனால் மூன்று தடவை அவரே இழுத்தார். ஒரு தடவை ஒரு பையன் சைக்கிளோடு பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒரு தடவை சக்கரத்தில் சூடு, கிரீஸ் வாடை. மூன்றாவது தடவை வால் ஆடியது. நான் நாற்பதைத் தொட்டிருந்தேன்.

"நாப்பதுல ஆடுது பாரு. முப்பதுல ஆடாது. உனுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. எனுக்கு இங்க சீட்டே ஆடுது."

மாமல்லபுரம் தாண்டி ஒரு கான்ஸ்டபிள் கை காட்டினார். முதலாளி சொல்லி அனுப்பியது எனக்கு மனப்பாடம். பின்னால் இருப்பது ரிப்பேர் வண்டி, இழுத்துப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

கான்ஸ்டபிள் பின்னால் நடந்துபோனார். பஸ் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் பாய்.

"பெரியவரே, இது ரிப்பேர் வண்டியா?"

"இல்ல சார். நல்லா ஓடற வண்டி. நான் கட்டினது."

"அப்ப எதுக்கு ரெண்டா இழுக்கறீங்க?"

"தப்புதான் சார். அதான் நான் குந்திகினு கீறேன்."

"நீங்க குந்தினா சரியாய்டுமா? டிரெய்லர்ல ஆள் உக்காந்தா அதுவே ஒரு தப்பு."

"அதுவும் தப்புதான் சார்."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தைக் கேட்டார். ஒரு டிரெய்லர்தான் அதில் இருந்தது. எழுதிக்கொண்டார், சீட்டு கொடுத்தார், மெதுவாகப் போங்கள் என்று விட்டுவிட்டார். அங்கேயே ஒன்றைக் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் ஒரு மணி நேரம் கழித்து மாட்டிக்கொண்டு போயிருப்பேன்.

வண்டியை எடுக்கும்போது பாயிடம் கேட்டேன். "ஒரு பொய் சொன்னா இன்னா பாய் கொறஞ்சி போவுது?"

"என் வண்டிய நானே ரிப்பேருன்னு சொல்லணுமா?" என்றார்.

திருவிழா நல்லபடியாக நடந்தது. பத்து நாளும் பாய் அந்த ஊரிலேயே இருந்தார். ஊர்க்காரர்கள் படகு இழுக்கிற டிராக்டருக்கு ஏதோ பற்ற வைத்துக் கொடுத்து அவர்களோடு ஒட்டிக்கொண்டார். ஒரு வீட்டில் தினமும் மீன் சோறு. கொடி இறக்கிய மறுநாள் விடிந்ததும் திரும்பினோம்.

பாண்டிச்சேரியை நெருங்கும்போது முதலாளி போன் செய்தார். மாலை ஆறு மணிக்கு தி.நகர் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் நிற்க வேண்டும். வேறு கம்பெனி ஏமாற்றிவிட்டது.

"முப்பதுல வந்தா முடியாது முதலாளி."

"யார் முப்பதுல வரச் சொன்னது?"

ஐம்பதில் போனேன். மணி அடித்தது. நிறுத்தினேன். பாய் வண்டியின் வாலைக் கையால் காட்டினார். ஏறிக்கொண்டேன். பாண்டிச்சேரி தாண்டியதும் ரோடு வேலை. கொத்திப் போட்டிருந்தார்கள். மணி விடாமல் அடித்தது. தலைக்குப் பின்னால் ஒரு அடி தூரத்தில். பாய் இழுப்பது எது, ரோடு இழுப்பது எது என்று தெரியவில்லை. இரண்டு தடவை நிறுத்திப் போய்க் கேட்டேன். இரண்டு தடவையும் ரோடு.

கை துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று சீட்டில் கிடந்தது. அதைச் சுருட்டி மணிக்குள் திணித்தேன். இந்த மோசமான ரோடு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ரோடு முடிந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. அமைதியாக இருந்தது.

மாமல்லபுரத்தில் சாப்பிட நிறுத்தினோம். பாய் பின்னைத் தொட்டுப் பார்த்தார், ஊசியைத் தொட்டுப் பார்த்தார், சங்கிலியை உதைத்துப் பார்த்தார். தொழுதுவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

"மணி சரியா கேக்குதா நைனா? ரொம்ப நேரமா நீ நிறுத்தவே இல்ல."

"நீங்க இழுத்தீங்களா?"

"இழுக்கல. ரோடு நல்லா கீது."

"அப்ப சரி" என்றேன்.

அப்போது எடுத்திருக்கலாம். கைக்கு எட்டுகிற இடம்தான். ஏறியதும் முதலாளி போன். பேசிக்கொண்டே கிளப்பினேன்.

நீலாங்கரையில் அறுபது இருக்கும். சாயங்காலம் நாலு மணி. பாலவாக்கம் வந்தபோது லாரி ஒரு உதறு உதறியது. பள்ளம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வண்டி லேசாக ஓடியது. மிதித்தால் உடனே போனது. கண்ணாடியில் ஜெனரேட்டரின் பெட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் எப்போதும் எதுவும் தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறது, ஆறு மணிக்குள் போய்விடலாம் என்று நினைத்தேன்.

திருவான்மியூர் சிக்னலில் பைக்கில் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். மூச்சு வாங்கியது.

"யோவ், எவ்ளோ நேரமா கத்திகினு வரேன். உன் வண்டி ஒண்ணு அங்க கவுந்து கீது."

"எது?"

"உன்துதான்யா. ஆளு அடியில கீறாரு."

நான் முதலில் செய்த காரியத்தை எழுதுகிறேன். மணியிலிருந்து துணியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. எடுத்து வெளியே போட்டேன். பிறகுதான் அவன் பைக்கில் ஏறினேன்.

டிரெய்லர் இடது பக்கம் மணலில் இறங்கிக் கவிழ்ந்திருந்தது. கம்பங்கள் சிதறிக் கிடந்தன. கூட்டம். ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்தது. வேறு யாருக்கும் அடி இல்லை. பஸ் ஸ்டாப்பில் மீன் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அவர்தான் போலீசிடம் சொன்னார்.

"அது ஆடிகினே தனியா வந்துச்சு சார். அந்தாளு எந்திரிச்சு நின்னுகினு 'தள்ளு, தள்ளு, எல்லாம் தள்ளு'ன்னு கத்தினாரு. நாங்க ஓடினோம். அவுரு குதிச்சிருக்கலாம். குதிக்கல."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கொக்கி அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பின்னின் பூட்டு ஊசி வெட்டுப்பட்டிருந்தது. சங்கிலி ஒன்று அறுந்து, இன்னொன்று கொண்டியோடு பிய்ந்து கிடந்தது. வேகத்தில் வால் ஆடி ஆடி அறுத்திருக்கிறது என்று வண்டியைச் சோதித்த அதிகாரி சொன்னார். பாயின் போனிலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. கயிற்றையே நம்பியிருக்கிறார்.

முதலாளி ஸ்டேஷனுக்கு வந்தார். பின்னால் இருந்தது ரிப்பேர் வண்டி என்று சொல்லச் சொன்னார். நான் இல்லை என்றேன். நல்லா ஓடற வண்டி என்றேன். அந்த ஒன்றைத்தான் அன்று உருப்படியாகச் செய்தேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் கை விரித்தார்கள். இரண்டாவது டிரெய்லர் புத்தகத்தில் இல்லை. அதில் ஆள் உட்கார அனுமதி இல்லை. கோர்ட்டில் அவர்களுடைய வக்கீல் என்னைக் கேட்டார். சின்ன வயசு. நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"இறந்தவர் ஏன் அங்கே உட்கார்ந்தார்?"

"பாக்கறதுக்கு."

"எதைப் பாக்க?"

"பின்னாடி."

"ஆபத்துன்னா உங்களுக்கு எப்படித் தெரிவிப்பார்?"

"கயிறு. மணி கட்டியிருந்தார்."

"அன்னைக்கு மணி அடிச்சுதா?"

"கேக்கல."

எழுதிக்கொண்டார்கள். கேட்கவில்லை என்பது பொய் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பாயின் வீட்டம்மா நின்றிருந்தார். மகள் கூட வரவில்லை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். கூப்பிட்டார்.

"தம்பி. நான் உள்ள நின்னு கேட்டேன். அவுரு கைல கயிறு அறுத்த காயம் இருந்துச்சு. ரெண்டு உள்ளங்கைலயும். குளிப்பாட்டினவங்க சொன்னாங்க. இழுத்துகினே இருந்திருக்காரு."

நான் நின்றேன்.

"மணி அடிக்கல இல்ல? அவுரே கட்டின மணி. வாழ்க்க பூரா அடுத்தவன் வேலையத் தட்டித் தட்டிப் பாத்து கொற சொன்ன மனுசன். கடசில தான் கட்டினத ஒழுங்கா கட்டலியே. அத நெனச்சாதான் எனுக்கு மனசு ஆறல."

அந்தப் பழி அவர் மேல் நிற்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஜெயில் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

"அக்கா. மணி நல்லாத்தான் இருந்துச்சு. அவர் ஒழுங்காத்தான் கட்டினார். நான் உள்ள துணி வெச்சேன்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"சத்தமா இருந்துச்சு. துணி வெச்சு அடைச்சேன். போலீஸ் வரதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவுரு உழுந்தப்புறம் எவ்ளோ தூரம் போன?"

"தெரியல அக்கா. பேப்பர்ல சுமாரா ரெண்டு கிலோமீட்டர்னு போட்டு கீது."

"சுமாருன்னா?"

அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

உள்ளே போய் எங்கள் வக்கீலிடம் துணியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாய்தாவில் கோர்ட்டிலும் சொன்னேன். லைசென்ஸ் போய்விட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

போன வெள்ளிக்கிழமை பாலவாக்கத்தில் பஸ் இறங்கினேன். மணலில் இன்னும் உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடக்கின்றன. அங்கே நின்று, திருவான்மியூர் சிக்னலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். காலடியை எண்ணிக்கொண்டே போனேன். நடுவில் தெரிந்தவன் ஒருவன் ஆட்டோவை நிறுத்திக் கூப்பிட்டான். கையை மட்டும் காட்டினேன். எண்ணிக்கை விட்டுப்போகக்கூடாது. சிக்னலில் லாரி நின்ற இடத்துக்கு வந்து நின்றேன். பாயின் வீட்டம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

மூவாயிரத்து நூற்றுப் பதினாறு.